பொருளும் வழக்கும்: ஆங்கிலம் பயில்வோர் அகராதி பற்றிய ஒரு நோக்கு

பிறமொழி ஒன்றைப் பயில்வோர் எழுப்பும் வினாக்கள் பெரும்பாலும் இரு வகையின. 'இச்சொல்லின் பொருள் யாது?' என்பது ஒன்று. 'இவ்வாறு சொல்வது வழக்கா?' என்பது மற்றொன்று. முன்னையது வாசிப்போனின் வினா. பின்னையது எழுதவும் பேசவும் முற்பட்டவனின் வினா. முதல் வினாவுக்கு விடையளிக்கும் அகராதிகள் நெடுங்காலமாகவே உள்ளன. இரண்டாவது வினாவைத் தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்ட நூல்வகை ஆங்கிலத்தைப் பொறுத்தவரையில் இருபதாம் நூற்றாண்டிலேதான் உருப்பெற்றது. பயில்வோர் அகராதி என வழங்கும் அந்நூல்வகை சாதித்தது யாது, சாதிக்கத் தவறியது யாது என்பன ஆராயத்தக்கவை. ஈழத்துத் தமிழ் மாணவனின் மேசையிலும் இடம்பெற்றுள்ள நூலாதலால், அதனைப் பயன்படுத்தினாற் போதாது, மதிப்பிடவும் வேண்டும்.

இரு வினாக்களுக்குமிடையேயுள்ள வேறுபாட்டை ஓர் எளிய உதாரணம் விளக்கும். 'ஸ்ரோங்', 'பவர்புல்' என்னும் ஆங்கிலச் சொற்கள் இரண்டும் வலிமையுடையது என்னும் பொருளன. வாதம் ஒன்றை இவ்விரண்டில் எதனாலும் சிறப்பிக்கலாம். ஆனால் சாயம் கூடிய தேநீரை 'ஸ்ரோங் ரீ' என்பதே வழக்கு. 'பவர்புல் ரீ' என்பார் இலர். மொழியியலாளர் ஹலிடே 1966 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டிய இவ்வுதாரணம் பின்னர் பெரிதும் பேசப்பட்டது. இங்கு பொருளறிவு மாணவனுக்கு உதவுவதில்லை. சொற்கள் எவற்றோடு இணங்கி வரும் என்னும் அறிவே அவனுக்கு வேண்டப்படுகின்றது. அவ்வறிவு காரணங்காட்டிப் பெறத்தக்கதன்று. ஏன் அவ்வாறு சொல்கின்றனர் என்று கேட்டால், 'அவ்வாறுதான் சொல்வர்' என்பதற்கு மேல் ஆங்கிலேயரும் விடைகூற அறியார்.

தமிழ் இலக்கணக் கல்வியில் தோய்ந்தோர்க்கு இது புதிய செய்தியன்று. இளமைப் பெயர்கள் ஒன்பதினையும் தொகுத்து, எவ்வுயிரின் இளமைக்கு எப்பெயர் உரியது எனத் தொல்காப்பிய மரபியல் வகுத்துரைப்பது இத்தகைய அறிவையே. பசுவின் இளமை கன்று, நாயினது குட்டி. பொருள் ஒன்றேயாயினும் பெயர்கள் இடம்மாறி வருவதில்லை. அவ்வாறே 'கைவிடு' என்பதைக் கையென்றும் விடுவென்றும் பிரித்துப் பொருள்கொள்ளத் தமிழன் எவனும் முற்படான். 'கைகொடு', 'கையாள்', 'கைக்கொள்' என்பனவும் அத்தகையனவே. எனினும் இதே தமிழன் ஆங்கிலத்தின் 'கிவ் அப்' என்னும் தொடரை முதன்முறை எதிர்ப்படும்போது கொடுத்தலையும் மேலிடத்தையும் தேடி இடர்ப்படுகின்றான். தாய்மொழியில் உணராமலே பெற்ற அறிவைப் பிறமொழியில் ஒவ்வொன்றாகக் கேட்டே பெறவேண்டியிருத்தல்தான் பயில்வோனின் நிலை.

இந்நிலையை உணர்ந்து எழுந்த முயற்சிகள் இங்கிலாந்திலன்றி ஆசிய வகுப்பறைகளிலேயே தொடங்கின என்பது கருத்திற்கொள்ள வேண்டிய ஒன்றாகும். வங்காளத்திற் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ற், அங்குள்ள மாணவர்க்கு முதற்கண் வேண்டப்படுவது வாசிப்புத் திறனே எனக் கண்டார். அவர் என்டிகொற் என்பாருடன் சேர்ந்து 1935 இல் வெளியிட்ட அகராதி, ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 சொற்களைக் கொண்டே விளக்கியது. அறியாத சொல்லை அறியாத சொற்களால் விளக்கும் பழைய அகராதிகளின் குறையை அது நீக்கியது. 1978 இல் வெளிவந்த லோங்மன் அகராதி ஏறத்தாழ 2,000 சொற்களுக்குள் தன் விளக்கங்களை அடக்கிக்கொண்டமை இம்மரபின் தொடர்ச்சியே. ஆயினும் வெஸ்ற் எளிமைப்படுத்தியது முதல் வினாவுக்கான விடையை மட்டுமே. வாசிப்போனுக்கு அவர் வழிகாட்டினார். எழுத முற்பட்டவன் காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது வினாவுக்கான விடை யப்பானில் உருவாயிற்று. 1922 இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சின் ஆலோசகராகச் சென்ற ஹரல்ட் பாமர், அடுத்த ஆண்டு டோக்கியோவில் ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1924 இல் ஒயிட்டா நகரிற் கற்பிக்கச் சென்ற ஏ. எஸ். ஹோன்பி பின்னர் அந்நிறுவனத்தோடு இணைந்தார். 1936 இல் பாமர் நாடு திரும்பியபின், ஹோன்பி, கேற்றன்பி, வேக்பீல்ட் ஆகிய மூவரும் தொகுத்த அகராதி 1942 இல் டோக்கியோவில் அச்சேறியது. மரபுத்தொடரையும் வாக்கியவமைப்பையும் தலைப்பிலேயே தாங்கிய நூல் அது. அப்பொழுது பிரித்தானியாவும் யப்பானும் போரில் ஈடுபட்டிருந்தன. பகைநாட்டின் தலைநகரிலே, பகைவரின் மொழியை அதற்குரியோர் வழங்குமாறே வழங்க விழையும் மாணவர்க்கென ஓர் அகராதி வெளிவந்தமை மொழிக்கல்வி வரலாற்றின் வியத்தகு நிகழ்ச்சிகளுள் ஒன்று. 1948 இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அச்சகம் இதனை மறுபதிப்பாக வெளியிட்டது. 1952 இலிருந்து, உயர்நிலைப் பயில்வோர்க்குரிய அகராதி என்னும் பெயரோடு அது உலகெங்கும் பரவிற்று.

இந்நூலின் புதுமை சொற்பொருளில் இல்லை. சொல்லோடு அதன் இயக்கத்தையும் சேர்த்துக் கூறியமையிலேயே உள்ளது. ஆங்கில வினைகள் வாக்கியத்தில் இயங்கும் முறைகளை ஹோன்பி 25 அமைப்புகளாக வகுத்தார். ஒவ்வொரு வினைக்கும் எவ்வமைப்பு உரியது என எண்ணிட்டுக் காட்டினார். இதன் பயனை உணரத் தமிழ் மாணவனின் அனுபவமே சான்றாகும். 'வருமாறு கேட்டேன்', 'வருமாறு பணித்தேன்', 'வருமாறு யோசனை கூறினேன்' எனத் தமிழில் ஓரமைப்பே மூன்று வினைகளுக்கும் ஏற்கும். ஆங்கிலத்திலோ 'ஆஸ்க்', 'ஓடர்' என்பன ஏற்கும் அமைப்பைச் 'சஜெஸ்ற்' ஏற்பதில்லை. 'ஐ சஜெஸ்ரட் ஹிம் ரு கம்' என மாணவன் எழுதுவது கவனக்குறைவினாலன்று. கண்டதிலிருந்து காணாததை ஊகிக்கும் நியாயமான முறையினாலேயே அவன் அவ்வாறு எழுதுகின்றான். பெயர்ச்சொற்களின் நிலையும் இதுவே. அறிவுரைகள், தகவல்கள், தளபாடங்கள் எனத் தமிழ் எண்ணும். 'அட்வைஸ்', 'இன்பமேஷன்', 'பேர்னிச்சர்' என்பவற்றை ஆங்கிலம் எண்ணாது. எண்ணத்தக்க பெயர், எண்ணத்தகாத பெயர் என ஹோன்பியின் அகராதி குறியிட்டமை, ஆங்கிலேய மாணவன் ஒருபோதும் எழுப்பியிராத வினா ஒன்றுக்கு அளித்த விடையாகும்.

இங்கேதான் பயில்வோர் அகராதியின் உண்மையான பெருமை புலப்படுகின்றது. பழைய அகராதி அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோனை வாசகனாக எண்ணியது. ஆதலால் அவனுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லாது விட்டது. பயில்வோர் அகராதியோ அந்நியனின் அறியாமையைத் தனது அமைப்பின் அடிப்படையாகக் கொண்டது. மாணவனின் பிழை ஏளனத்துக்குரியதன்று, அதனுள் ஒரு வினா உள்ளது என்பதை அது முதன்முதலாக ஏற்றது. ஆங்கிலேயர் தம்முள் பேசும்போது அறியவேண்டியிராத தம் மொழியின் உண்மைகள் பலவற்றை, அந்நியர் கேட்ட பின்னரே அவர்கள் கண்டறிந்தனர் எனலாம். இவ்வகையில், கேட்டவன் விடை பெற்றான். கேட்கப்பட்டவனும் தன் மொழியை அறிந்தான்.

எனினும் இவ்வகராதிகளின் விடைகள் எதனை ஆதாரமாகக் கொண்டவை என்னும் வினா எஞ்சுகின்றது. ஹோன்பி காலத்து உதாரண வாக்கியங்கள் பெரும்பாலும் தொகுப்பாசிரியர்கள் தம் மொழியுணர்வைக்கொண்டு அமைத்தவை. அவை தெளிவானவை, ஆனால் வகுப்பறைக்கெனச் செய்யப்பட்டவை. இதனை மாற்ற எழுந்ததே, பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோன் சிங்ளெயர் தலைமையில் உருவாகி 1987 இல் வெளிவந்த கோபில்ட் அகராதி. ஏறத்தாழ இரண்டு கோடிச் சொற்கள் கொண்ட எழுத்து, பேச்சுப் பதிவுகளைக் கணினியிற் சேகரித்து, உண்மையில் வழங்கிய வாக்கியங்களையே அது உதாரணமாகத் தந்தது. விளக்கங்களையும் 'ஒருவர் இன்னதைச் செய்தால் அவர் இன்ன நிலையிலுள்ளார்' என்னும் பாங்கில் முழு வாக்கியங்களாக அமைத்தது. தனியொருவர் உணர்வின் இடத்திற் சான்று அமர்ந்தது. இது பெரியதொரு முன்னேற்றமே.

ஆனாற் சான்று எவருடைய பேச்சிலிருந்து எடுக்கப்பட்டது? கோபில்ட் சேகரித்தவற்றுட் பெரும்பகுதி பிரித்தானிய ஆங்கிலம். அடுத்தது அமெரிக்க ஆங்கிலம். உணர்வு சான்றாக மாறியபோதும், தீர்ப்பளிக்கும் உரிமை இருந்தவிடத்திலேயே இருந்தது. பயில்வோர் அகராதி 'எவ்வாறு சொல்வர்?' என்னும் வினாவை ஏற்றுக்கொண்டது. அவ்வினாவினுள் மறைந்திருக்கும் 'எவர் சொல்வர்?' என்னும் வினாவை அது போதிய அளவு கேட்டுக்கொள்ளவில்லை. இதுவே அந்நூல்வகையின் அடிப்படைக் குறை.

இக்குறையை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். வீட்டிலிருந்து புறப்படும் ஈழத்துத் தமிழன் 'போறன்' என்பதில்லை. 'போயிட்டு வாறன்' என்பான். சிங்கள மக்களும் 'கிஹில்லா என்னங்' எனத் திரும்பி வருதலையும் சேர்த்தே கூறுவர். இவ்விரு மொழிகளின் வழியே 'ஐ வில் கோ அன்ட் கம்' என்பது இலங்கை ஆங்கிலத்தில் விடைபெறும் தொடராக நிலைத்துவிட்டது. இது வழக்கா என மாணவன் கேட்டால், இலண்டனிலும் நியூயோர்க்கிலும் இவ்வாறு விடைபெறுவோர் இலர். அங்கு இத்தொடர், சென்று உடனே மீள்வேன் என்னும் நேர்ப்பொருளையே தரும். ஆகவே வழக்கன்று என்பது ஒரு விடை. ஆனால் கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் அது விளங்கும். உரிய உணர்வையும் தரும். தகுதி வழக்கின் பிரிவுகளுள் ஒன்றாக 'மங்கலம்' என்பதை நன்னூல் கூறுவதை அறிந்தவன், ஆங்கிலச் சொற்களினூடே அவ்வழக்கின் சாயலைக் காண்பான். 'பிழை' என்னும் ஒரு சொல்லில் இவ்வளவையும் அடக்கிவிடுதல் விடையாகாது.

நிலைமையை மறுதலையாக வைத்து நோக்கின் உண்மை மேலும் தெளிவாகும். தமிழ் பயிலும் அந்நியன் ஒருவன், 'பேசினேன்' என்பதற்கும் 'கதைத்தேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்பதாகக் கொள்ளலாம். தமிழ்நாட்டிற் 'பேசு' என்பது உரையாடலைக் குறிக்கும் பொதுச்சொல். யாழ்ப்பாணப் பேச்சு வழக்கில் அதற்கு நிற்கும் சொல் 'கதை'. 'அவன் என்னைப் பேசிப்போட்டான்' என்றால் ஏசிவிட்டான் என்பதே பொருள். சென்னையில் வெயில் அடிக்கும், யாழ்ப்பாணத்தில் எறிக்கும். இவற்றுள் எது இயல்பான தமிழ் என்னும் வினாவுக்கு இடத்தைச் சுட்டாது விடை கூறுதல் இயலாது. சென்னை வழக்கே தமிழ், ஏனையது பிறழ்வு என எவரேனும் விடையளித்தால் ஈழத்தவன் அதனை ஏற்பானல்லன். தன் தமிழுக்குக் கோரும் நீதியைத் தான் பேசும் ஆங்கிலத்துக்கு மட்டும் அவன் மறுப்பது முரண்பாடேயாகும்.

தமிழ் இலக்கண மரபு இவ்விடத்தில் இருவகையாகவும் துணைபுரிகின்றது. வழக்கினை உயர்ந்தோரொடு சார்த்திக் கூறியவர் தொல்காப்பியர். மரபினை அவ்வாறே வரையறுத்தவர் நன்னூலார். உயர்ந்தோர் எவர் என்பதை எவர் தீர்மானிப்பர் என்னும் இடர்ப்பாடு அங்கும் உண்டு. ஆனால் அதே இலக்கணிகள் திசைச்சொல் என ஒரு வகையையும் வகுத்தனர். செந்தமிழ் நிலத்தை மையமாக வைத்தே அதனைச் செய்தனராயினும், பிற நிலத்துச் சொல் பிழையெனத் தள்ளப்படாது செய்யுளுக்குரிய சொற்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. 1992 இல் வெளியாகி 2008 இல் விரிவாக்கம் பெற்ற க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இலங்கை வழக்குகளை அடையாளமிட்டுத் தருவதும் இத்தகைய நோக்கின் பயனே. இடஞ்சுட்டி விடையளித்தல் அகராதிக்கு இயலாத பணியன்று.

ஈழத்தைப் பொறுத்தவரை இது வெறும் மொழியியல் நுட்பமன்று. இலங்கையிலே ஆங்கிலத்தைக் குறிக்க மாணவரிடையே 'கடுவ' என்னும் சிங்களச் சொல் வழங்கிவந்தது. வாள் என்பது அதன் பொருள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த திரு கந்தையா, 1984 இல் வெளியான கட்டுரை ஒன்றில் இச்சொல்லையே மையமாகக்கொண்டு ஆங்கிலத்துக்கும் அதிகாரத்துக்குமுள்ள உறவை ஆராய்ந்தார். வாளென ஒரு மொழி உணரப்படுமிடத்து, 'இவ்வாறு சொல்லலாமா?' எனக் கேட்பதே துணிச்சலுக்குரிய செயலாகிவிடுகின்றது. கேட்டால் அறியாமை வெளிப்படும். கேளாவிடின் அறியாமை நீடிக்கும். கிராமத்திலிருந்து சுயமொழிக் கல்வி வழியே பல்கலைக்கழகம் புகுந்த மாணவன் வகுப்பறையிற் காக்கும் மௌனத்துக்கு, சொல் தெரியாமையிலும் பார்க்கச் சொல்லும் முறை பற்றிய அச்சமே பெருங்காரணமாகும். சுரேஷ் கனகராஜா 1999 இல் வெளியிட்ட நூலில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் தம் ஆங்கிலப் பாடநூலின் ஓரங்களில் எழுதியும் வரைந்தும் வைத்தவற்றை ஆராய்ந்துள்ளார். அமெரிக்க வாழ்க்கையை மையமாகக்கொண்ட அப்பாடநூலுக்கு, வாய்திறவாத மாணவர் அளித்த மறுமொழிகள் அவற்றிற் புலப்படுகின்றன. வினா இல்லாமற் போகவில்லை. அதனைக் கேட்க இடமே இருக்கவில்லை.

இக்கருத்துக்கு வலுவான மறுப்பொன்று உண்டு. உள்ளூர் வழக்கும் வழக்கே எனக் கூறி மாணவனைத் தட்டிக்கொடுத்தல் எளிது. பரீட்சையும் நேர்முகத் தேர்வும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் அவ்வாறு தட்டிக்கொடுப்பனவல்ல. 1990 இல் ராண்டல்ப் குவேர்க் எழுப்பிய வாதத்தின் சாரமும் ஏறத்தாழ இதுவே: பயில்வோனுக்கு நியம ஆங்கிலத்தை மறுத்தல் அவனுக்குச் செய்யும் நன்மையன்று. பிராஜ் கச்ரு அடுத்த ஆண்டில் இதற்கு மறுப்பெழுதினார். எனினும் குவேர்க்கின் வாதத்தை முற்றாகத் தள்ளிவிடுதல் பொருந்தாது. வீட்டிலே இரு ஆங்கிலங்களையும் கேட்டு வளர்ந்த நகர்ப்புற மேல்தட்டுப் பிள்ளைக்கு உள்ளூர் வழக்கின் பெருமை பேசுதல் இழப்பொன்றையும் தராது. அவனுக்கு மற்றையதும் தெரியும். ஒன்றையேனும் திண்ணமாகப் பெறாத கிராமத்துப் பிள்ளைக்கு, நியமத்தை மறைக்கும் பாராட்டு மற்றுமொரு வஞ்சகமாக முடியலாம்.

ஆதலால் வேண்டப்படுவது நியமமா உள்ளூர் வழக்கா என்னும் தெரிவன்று, முழுமையான விடை. 'இவ்வாறு சொல்லலாமா?' என்னும் வினாவுக்கு மூன்று செய்திகள் விடையாக வேண்டும்: எவர் சொல்வர், எவ்விடத்தில் எவரிடம் சொல்வர், அவ்விடத்துக்கு அப்பால் அது எவ்வாறு கொள்ளப்படும். 'பிளேன் ரீ' என இலங்கையிற் கேட்டால் பாலற்ற தேநீர் கிடைக்கும். இங்கிலாந்தில் அதற்கு வழங்கும் பெயர் 'பிளக் ரீ'. இவ்விரண்டையும் ஒருங்கே கூறும் ஆசிரியன் மாணவனைத் திருத்துவதோடு நில்லாது, அவனுக்கு இரண்டு கதவுகளைத் திறந்துவிடுகின்றான். மைக்கேல் மெய்லர் 2007 இல் வெளியிட்ட இலங்கை ஆங்கில அகராதி, இந்நாட்டு வழக்குகளைப் பிழைப்பட்டியலாகவன்றி வழக்குகளாகவே பதிவுசெய்தமை இத்திசையில் எடுத்துவைத்த நற்படியாகும். பயில்வோர் அகராதியின் துல்லியமும் இத்தகைய நூலின் இடவுணர்வும் ஒன்றுசேரவேண்டும்.

தமிழ் மாணவனின் தேவை இன்னும் ஒரு படி மேலானது. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனரிமாரின் உழைப்போடு தொடர்புடையதாய் 1862 இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ் - ஆங்கிலப் பேரகராதி பெருஞ்சாதனையே. எனினும் அது தமிழை ஆங்கிலத்தில் விளக்கும் நூல். ஆங்கிலம் எழுதும் தமிழனின் ஐயங்களை நோக்கி எழுந்ததன்று. யப்பானிய மாணவரின் இடர்ப்பாடுகளிலிருந்து ஹோன்பியின் நூல் உருவானது போல, 'வருமாறு யோசனை கூறினேன்' என்பதை ஆங்கிலத்தில் எழுத முற்பட்டு இடறுவோனின் வினாக்களிலிருந்து உருவாகும் நூலே அவனுக்கு உண்மையான பயில்வோர் அகராதியாகும். அதற்கான மூலப்பொருள் தூர தேசத்தில் இல்லை. பாடசாலைப் பயிற்சிக் கொப்பிகளிலும் பல்கலைக்கழக வகுப்பறைகளிலும் நாள்தோறும் குவிந்துகொண்டேயிருக்கின்றது. ஆசிரியர் சிவப்பு மையினாற் கோடிடும் ஒவ்வொரு தொடரும் விடை வேண்டி நிற்கும் ஒரு வினா என்பதை உணர்ந்து, அவற்றைத் தொகுப்பதே முதற்பணி.

1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழியென வகுத்தது. இணைக்கும் மொழி எனப்படுவது வாளாக இருத்தலாகாது. கேட்பதற்கு அஞ்சாத மாணவனும், 'பிழை' என்னும் ஒரு சொல்லோடு விடையை முடித்துக்கொள்ளாத ஆசிரியனும், இடத்தையும் உறவையும் மறைக்காத அகராதியும் சேர்ந்தாலன்றி அவ்விணைப்பு ஏட்டளவிலேயே நிற்கும்.